சித்தப்பா கூட்டாத கூட்டம்

அநியாயம் நடந்தது அப்பாவுக்கு. செய்தவர் கூடப் பிறந்த தம்பி.

அப்பா தொடங்கி, இன்றும் தலைவராக இருக்கிற அட்டைப்பெட்டி கம்பெனியில் மூன்று வருடமாகப் பங்குதாரர் கூட்டமே நடக்கவில்லை. கூட்ட வேண்டியவர் செயலாளரான சித்தப்பா. கேட்டால், "பாக்கலாம்ண்ணா" என்பதோடு சரி.

"என் கம்பெனியில நான் நாலு வார்த்தை பேச வழியில்ல!" அப்பா சாப்பாட்டு மேஜையில் பொருமினார்.

சட்டம் படிக்கிற மகளுக்கு இது போதாதா? மறுநாளே கம்பெனி விதிமுறைகளோடு சித்தப்பாவின் அறையில் போய் நின்றாள்.

"வருஷத்துக்கு ஒரு கூட்டம் கட்டாயம்னு இதுல இருக்கு. படிச்சீங்களா சித்தப்பா?"

"அதை எழுதினதே நாந்தாம்மா."

"அப்புறம் ஏன் நடத்தல?"

"இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? பெட்டி போகுது, சம்பளம் போகுது..."

"கணக்கு கேட்டுடுவாங்கன்னு பயமா?"

விரலில் ஒட்டிய பசையைத் துடைத்துக்கொண்டிருந்தவரின் கை நின்றது. "அப்படியே வச்சுக்கோ."

"அப்பாவே நோட்டீஸ் அனுப்பலாம். விதியில இருக்கு. நான் எழுதித் தர்றேன்."

"வேண்டாம் கண்ணு..."

அந்தக் கெஞ்சலில் அவளுக்குச் சந்தேகம் உறுதியானது.

அப்பாவின் நோட்டீஸ் போனது. பேக்கிங் அறையில் கூட்டம். அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள், மாமா. ஆளுக்குச் சம பங்கு. அப்பா சலவைச் சட்டையில் வந்திருந்தார். மகளுக்கு ஓட்டு கிடையாது. வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

சித்தப்பா வாசித்த கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அடுத்ததை வாசிக்காமல் தாளை மடக்கினார். பெரிய அத்தை தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தலைவர் பதவி அடுத்த வருடாந்தரக் கூட்டம் வரைக்கும்தான். கூட்டம் நடந்தா புதுசா தேர்ந்தெடுக்கணும்."

"அதான் நான் இருக்கேனே!" அப்பா சிரித்தார்.

கூட யாரும் சிரிக்கவில்லை.

"போதும்ண்ணா," என்றாள் சின்ன அத்தை. "ஆர்டர் கொடுக்க வர்றவங்ககிட்ட எல்லாம் சண்டை. பாதிப் பேர் ஓடியாச்சு. நாங்களா கூட்டம் கேட்டா அண்ணனுக்கு எதிரா கிளம்பிட்டாங்கன்னு பேச்சு வரும். இப்ப நீங்களே கேட்டுட்டீங்க."

ஐந்து பேரில் அப்பாவுக்காகத் தூக்கிய கைகள் இரண்டு. ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று சித்தப்பாவுடையது.

அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். மகளின் முகத்தையும்தான்.

சித்தப்பா நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போனாள்.

"இதுக்காகவா நடத்தாம இருந்தீங்க? அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சித்தப்பா! உங்களைப் போய்த் திருடன்னு நெனச்சேனே..."

சித்தப்பா நிமிரவில்லை.

"உங்கப்பா இங்க யாருக்கும் வேண்டாம்னு உன் முகத்தைப் பார்த்துச் சொல்லணுமேம்மா. அதுக்குத் திருடன்ங்கிற பேரே தேவலைன்னு இருந்துட்டேன்."