குப்பைக்குழி ஓரத்து நீலப்பூ

தோட்டப் போட்டிக்கு நடுவராக வந்த அம்மாளிடம், ஓய்வுபெற்ற அரசுத் துறை டைரக்டர் தன் ரோஜா வரிசையை ஃபைல் புரட்டுவதுபோல் ஒவ்வொன்றாகக் காட்டினார். அம்மாள் நின்றதோ குப்பைக்குழி ஓரம்.

"இந்த நீலப்பூ கருஞ்சீரகத்துக்குச் சொந்தக்காரச் செடி சார். ஒரே பருவம்தான் வாழும். போன வருஷச் செடியைக் காய் காய்ஞ்சு விதை உதிர்ற வரைக்கும் பிடுங்காம விட்டீங்களே, அந்தப் பொறுமைக்கே முதல் பரிசு!"

"எல்லாம் என் பிளானிங்" என்று டைரக்டர் செருமினார்.

"பரிசு அட்டையில உங்க பேர்தானே எழுதணும்?"

டைரக்டர் குனிந்து, பூவின் மேல் கிடந்த சருகை எடுத்துப் போட்டார்.

"வேண்டாம். என் சம்சாரம் பேரை எழுதுங்க."

"கூப்பிடுங்க, கை கொடுக்கணும்."

"போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து, 'விதை விழட்டும், ரெண்டு வாரம் பொறுங்க'ன்னு கெஞ்சினா. காய்ஞ்ச செடி பார்க்க அசிங்கமா இருக்குன்னு நான்தான் பிடுங்கி இந்தக் குழியில எறிஞ்சேன். அவ வீடு திரும்பலை. இது மட்டும் முளைச்சு வந்திருக்கு."