உள்ளே விடாத கையுறை

ஈயமும் டெல்லூரியமும் சேர்ந்த அந்தக் கரும்பொடி வெப்பத்தை மின்சாரமாக்கும். உடம்புக்குள் போனாலோ விஷம். அதனால் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து, பெட்டிச் சுவரிலேயே பொருத்திய ரப்பர் கையுறைகளுக்குள் கைவிட்டுத்தான் அரைப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் 'வாலு' என்று பெயரெடுத்தவளுக்கு அது தினசரி வேலை.

அன்று காலை அவள் கையை நுழைத்ததும் கையுறை மெல்ல வெளியே தள்ளியது. மறுபடி நுழைத்தாள். விரலோடு விரல் கோத்து, பதமாகத் தள்ளியது.

"அக்கா, இது என்னை உள்ளேயே விடமாட்டேங்குது!"

"பெட்டிக்குள்ள வாயு அழுத்தம் ஏறியிருக்கும்டி," என்று கூட வேலை பார்க்கும் மூத்தவள் வந்து பார்த்தாள். அழுத்தமானியின் முள் சரியான இடத்தில்தான் நின்றது. மூத்தவள் நுழைத்த கையோ வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

திடீரென்று மூத்தவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏண்டி, உனக்கு நாள் தள்ளிப்போயிருக்கா? ஈயம் வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுடி."

பிள்ளைக்காகப் பல வருஷமாகக் காத்திருந்து அலுத்துப்போன வாலு, நாட்களை விரல்விட்டு எண்ணினாள். மருந்துக்கடைக்கு ஓடினாள். சோதனைப் பட்டை வாங்கிவந்து பார்த்துவிட்டு, கண்ணீரும் சிரிப்புமாக ஆய்வுக்கூட வாசலிலேயே நின்று கத்தினாள்.

"அக்கா, ஆமாக்கா!"

மூத்தவள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால், யார் கையும் நுழையாத அந்தக் கையுறைகள் உப்பி எழுந்து, பொடி சிதறாதபடி மெதுவாகக் கைதட்டின.