வளர்த்த லட்சணம்

இணையக் கேலியை எப்படிக் கையாள்வது என்று பள்ளி ஆலோசகர்களுக்குப் பயிற்சி. நடத்த வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"ஒரு பிள்ளை நடக்கிறதை வீடியோ எடுத்து, கிளாஸ் குரூப்ல போட்டுச் சிரிக்கிறாங்க. என்ன செய்வீங்க?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" முன்வரிசை ஆலோசகர் கொட்டாவி விட்டார். "போட்டவனோட அம்மாவைக் கூப்பிட்டு, வளர்த்த லட்சணம் இதுதானான்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கணும்."

அறையே தலையாட்டியது.

அவள் மேசைக்கடியிலிருந்து ஊன்றுகோலை எடுத்து ஊன்றி, அவர் முன்னால் வந்து நின்றாள். கைப்பேசியை நீட்டினாள். காலையில் அவள் படியேறி வந்த வீடியோ ஓடியது.

"இந்தப் பயிற்சிக்கு ஆரம்பிச்ச குரூப்ல நானும் இருக்கேன், சார். உங்க அம்மா நம்பரைக் கொடுங்க."