மறைத்த இடம்

ரெட்டியார்பாளையம் வீட்டின் கேமராக்களையும் அவற்றை இயக்கும் பழைய கம்ப்யூட்டரையும் அந்துவான் பாரீசிலிருந்தே பார்த்துக்கொண்டான். எங்கே அசைவு தெரிந்தாலும் மென்பொருள் அங்கே பச்சைக் கட்டம் போட்டுப் பதிவைத் தொடங்கும். உடனே பிராசசர் திணறும்.

அதிகம் திணறியது மத்தியானங்களில். கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே நின்று, அம்மா கேமராவைப் பார்த்து, மகன் நெற்றியில் இடுவதுபோல் காற்றில் சிலுவை போடுவாள். வெகுநேரம் போடுவாள். அந்த இடத்தைக் கவனிக்க வேண்டாம் என்று மென்பொருளில் மறைத்துவிட்டான். சுமை இறங்கியது.

அம்மாவை அடக்கம் செய்து வீட்டைப் பூட்டிவிட்டுப் பாரீஸ் திரும்பியதும், ஆளில்லாத வீட்டில் மறைப்பு எதற்கு என்று எடுத்தான். மறுநாள் மத்தியானம் சுமை ஏறியது. திரையில் வெறும் சுவர். அதன்மேல் பச்சைக் கட்டம் மேலிருந்து கீழே இறங்கி, பிறகு குறுக்கே போனது.

தங்கை மெரினுக்குப் போன் செய்தான்.

"யாராச்சும் வீட்டத் தொறந்தீங்களா?"

"இல்லண்ணே. சாவி எங்கிட்டதான் இருக்கு."

"அம்மா கேமராவப் பத்தி எதுனா சொன்னாங்களா?"

"அவன் பாக்குறானான்னு தெனமும் கேப்பாங்க. அண்ணன் பாத்துட்டுதாம்மா இருக்குன்னு சொல்லுவேன்."

அவன் போனை வைத்தான். அந்த இடத்தை மறுபடி மறைத்தான்.

அடுத்த மத்தியானம் கட்டம் மறைப்புக்கு வெளியே வந்தது. கேமராவை நெருங்குவதுபோல் பெரிதாகிப் பாதித் திரையை அடைத்தது. மெதுவாக மேலிருந்து கீழே இறங்கியது.

குறுக்கே போவதற்குள் அந்துவான் தலையைக் குனிந்துகொண்டான்.