ரெங்கநாயகி மேடம் விலகிக்கொண்டார்

"புகார் கமிட்டித் தலைவியா என்னால இருக்க முடியாது, பேரை எடுத்துடுங்க"ன்னு ரெங்கநாயகி மேடம் எழுதிக் கொடுத்துட்டாராம்.

டீ டைம் முடிவதற்குள் துவாக்குடி கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. சித்ராதேவி கடித்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

பின்னே? புகார் கொடுத்ததே அவள்தான். போன வாரம் ஸ்டோர்ஸுக்குச் சாமான் எடுக்கப் போனவளை, மேனேஜர் ராஜ்மோகன் ரேக் சந்தில் மடக்கிக் கையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டு வந்தவள், அன்றைக்கே நாலு பக்கம் எழுதி நீட்டிவிட்டாள். நாளை மறுநாள் விசாரணை.

"ஸ்டோர்ஸ் இன்சார்ஜா இருபது வருஷம் ஓட்டியாச்சு. ரிட்டயர் ஆக எட்டு மாசம்தான். அவங்க எதுக்குடி வம்புல தலையைக் குடுக்கப் போறாங்க?" என்றாள் பக்கத்து டேபிள் வஹீதா.

"அப்போ போன மாசம் மைக்கைப் பிடிச்சு, 'பயப்படாம வாங்க, சட்டம் உங்க பக்கம் இருக்கு'ன்னு பேசினது யாராம்?"

"மைக்குக்கு என்ன, யார் பேசினாலும் கேக்கும்."

சொல்லி வைத்த மாதிரி ராஜ்மோகன் அந்தப் பக்கம் வந்தான்.

"என்ன சித்ரா, உங்க தலைவியே ஓடிட்டாங்க போல?"

"வேற தலைவி வருவாங்க சார். வரலேன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குறாங்க. பாப்பாவை இடுப்புல தூக்கிட்டுப் போய் வரிசையில நிப்பேன்."

"போய் நில்லு. சாட்சி யாருன்னு கேப்பாங்க. ரேக்கா வந்து சொல்லும்?" சிரித்தான். "சின்னப் புள்ளைய வெச்சிருக்க. வேலை முக்கியம் இல்லையா?"

"முக்கியம் சார். அதான் விட்டுட்டுப் போகாம சண்டை போடுறேன்."

அவன் போனதும் சித்ராதேவி ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தாள்.

சாயங்காலம் ஸ்ரீரங்கம் போகும் கம்பெனி பஸ்ஸில் ரெங்கநாயகி மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சித்ராதேவி நேராகப் போய் நின்றாள்.

"நீங்களுமா மேடம்?"

அவர் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

"வியாழக்கிழமை நேரத்துக்கு வந்துடும்மா. இப்போ என்கிட்ட பேசாதே. யாராவது பார்த்தா நல்லா இருக்காது."

"நல்லா இருங்க மேடம். ரிட்டயர்மென்ட் பார்ட்டிக்குக் கூப்பிடுங்க, வரேன்."

பஸ்ஸே கேட்டது.

வியாழக்கிழமை. மணப்பாறை யூனிட்டிலிருந்து புதுத் தலைவியாக ஹஃப்ஸா மேடம் வந்திருந்தார். நாலு பக்கத்தையும் வரி விடாமல் படித்தார்.

"எதுவும் நடக்கலைங்க மேடம். வேலையில கண்டிச்சேன், அதுக்குப் பழி வாங்குறாங்க" என்றான் ராஜ்மோகன்.

ஹஃப்ஸா மேடம் சித்ராதேவியைப் பார்த்தார். "யாராவது பார்த்தாங்களாம்மா?"

"யாரும் இல்லைங்க. யாரும் பார்க்கலைங்கறதுக்காக நடந்தது நடக்காமப் போயிடாது. என் பேச்சை எழுதிக்குங்க, ஒரு வார்த்தையும் மாத்த மாட்டேன்."

ராஜ்மோகன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

கதவு திறந்தது. ரெங்கநாயகி மேடம்.

"நீங்க விலகிட்டீங்களே மேடம்?" ராஜ்மோகன் நிமிர்ந்தான்.

அவர் சித்ராதேவிக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அடுத்த ரேக்குக்குப் பின்னால ஸ்டாக் பார்த்துட்டு இருந்தேன். இவர் கையைப் பிடிச்சு இழுத்ததை இடுக்கு வழியாப் பார்த்தேன். நான் சுத்தி வர்றதுக்குள்ள இந்தப் பொண்ணு உதறிட்டுப் போயிட்டா. பார்த்தவளே தீர்ப்பும் சொன்னா, நாளைக்கு அதையே பிடிச்சுக்கிட்டு இவர் அப்பீல்ல தப்பிச்சுடுவார். அதான் விலகினேன்" என்றவர், ஹஃப்ஸா மேடம் பக்கம் திரும்பினார். "சாட்சிங்கற இடத்துல என் பேரை எழுதிக்குங்க."