கயித்துக் கை

நான்காவது முறை வண்டி கிளம்பியபோது அந்த வார்த்தையைச் சொன்னாளா?

அவளுக்கே இப்போது நிச்சயமில்லை. சொன்னதுபோலவும் இருக்கிறது. வாய்க்குள் அத்திப்பழம் இருந்ததும் நினைவிருக்கிறது.

கடல் மட்டும் தெளிவாக இருக்கிறது. காலையிலிருந்து அது அவளுடைய ஜன்னலுக்குக் கீழே இருந்தது.

பக்கத்தில் அல்ல. கீழே.

குரோவேஷியாவில் சாலையின் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஸ்டியரிங் இடப்பக்கம். ஊரில் கணவர் உட்காருகிற பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள், கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல். ஒவ்வொரு வளைவிலும் அவளுடைய கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

தெற்கே போகிறவர்களுக்கு இடப்பக்கம் மலை. வலப்பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கல்சுவர்.

அதற்கப்பால் ஒன்றுமில்லை.

அவள் கணவர் சென்னியப்பன் முப்பது வருடம் சொந்த லாரி ஓட்டியவர். திம்பம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில், கொட்டுகிற மழையில், பருத்தி மூட்டைகளோடு இறங்கியவர். முப்பது வருடமும் இடப்பக்கமாகவே ஓட்டியவர்.

மகன் பூபதிக்கு அந்த நாட்டுத் துறைமுகம் ஒன்றில் வேலை. விடுப்பு கிடைக்கவில்லை. வாடகைக்குக் கார் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவளிடம் மட்டும் தனியாகச் சொன்னான்.

“அம்மா, நின்னு கிளம்பறப்பதான் அப்பாவுக்கு மறக்கும். பழக்கத்துல இடது பக்கம் போயிரும். ஒவ்வொரு தடவையும் நீ சொல்லோணும்.”

வலது, இடது என்று பாடம் எடுத்தால் அவருக்குக் கோபம் வரும். அவளே ஒரு வழி கண்டாள். அவருடைய வலது மணிக்கட்டில் பண்ணாரியம்மன் கோவில் கறுப்புக் கயிறு இருந்தது. வண்டி கிளம்பும்போது, “கயித்துக் கை” என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். “கிளீனர் வேலைக்குச் சேந்துட்டயா புள்ள?”

மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் வண்டி வலப்பக்கம் போனது.

அந்த வார்த்தைதான் தன்னைக் கொண்டுபோய் விளிம்பில் வைக்கிறது என்று மூன்றாவது முறை அவளுக்குத் தோன்றியது.

“ஏனுங்க, கொஞ்சம் மலையோரமாப் போலாமுங்களா?”

“அது எதுத்தாப்ல வர்றவனோட பாதை. கடலு உன்னைப் புடிச்சா திங்குது? கண்ண மூடிக்க.”

மூடினாள். மூடினால் இன்னும் ஆழமாக இருந்தது.

நண்பகலில், மலையோரமாக ஒரு பெண் அத்திப்பழமும் தேனும் விற்றுக்கொண்டிருந்தாள். அவர் சாலையைக் கடந்து அந்தப் பக்கமே நிறுத்தினார். உலர்ந்த பழங்கள், மாலைபோலக் கோத்தவை. ஒன்று வாங்கினார். சுற்றுலாக் காலம் தொடங்காததால் சாலையில் வண்டிகளே இல்லை.

ஏறி உட்கார்ந்தார்கள். என்ஜின் ஓடத் தொடங்கியது.

இங்கேதான் அவளுக்குக் குழம்புகிறது.

வண்டி மலையோரமாகவே போனது.

முதல் வளைவு. பாறையும் பைன் மரங்களும் அவர் பக்கம் உரசுவதுபோல வந்து விலகின. கடல் தள்ளிப் போயிருந்தது. அவள் விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கையில் நகத்தின் தடங்கள்.

இரண்டாவது வளைவு. கால் பிரேக்கைத் தேடவில்லை. அன்று முதல்முறையாகத் தலையைத் திருப்பித் தீவுகளைப் பார்த்தாள்.

“அழகா இருக்குதுங்க.”

இதைச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

அவரும் தோள்களைத் தளர்த்தியிருந்தார். ஊர்ச் சாலையில் போகிறவர்போல ஏதோ பாட்டை முனகினார்.

எதுவோ சரியாகிவிட்டது என்று நினைத்தாள். எது என்று யோசிக்கவில்லை.

அல்லது, யோசித்தாள். யோசித்துவிட்டு, இன்னும் ஒரு வளைவு போகட்டும் என்று இருந்தாள்.

மூன்றாவது வளைவில் சிவப்புக் கார் வந்தது.

நேராக. அவர்கள் பாதையில்.

இல்லை. அதன் பாதையில்.

அவர் இடப்பக்கம் ஒடித்தார். அவர் கைக்கு அதுதான் தெரியும். அந்தக் கார் கடல் பக்கம் திரும்பியது. இரண்டும் தொடாமல் கடந்தன. பின்னால் சக்கரங்கள் தேயும் சத்தம். கல் பெயரும் சத்தம்.

பிறகு சத்தமே இல்லை.

அவர் இறங்கி ஓடினார். அவள் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்காதவரை அந்தக் கார் அங்கே இருக்கும்.

வெகுநேரம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தாள். சிவப்புக் கார் சுவரில் மூக்கை இடித்து நின்றிருந்தது. சுவரில் இரண்டு கற்களைக் காணோம். ஓர் இளைஞன் சாலையில் நின்றான். மறுபக்கக் கதவைத் திறந்த பெண் கீழே பார்த்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

சென்னியப்பன் அவன் முன்னால் கைகூப்பி நின்றார். அவன் ஏதோ சொன்னான். திட்டினானா, ஆறுதல் சொன்னானா, தெரியவில்லை.

திரும்பி வந்து ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“நீ சொன்னே புள்ள. எனக்குத்தான் காதுல ஏறல.”

அவள் வாயைத் திறந்தாள்.

அத்திப்பழ விதைகள் பற்களுக்கு நடுவே இருந்தன. மூடிக்கொண்டாள்.

பூபதியிடமும் அவர் அப்படியேதான் சொன்னார். அவன் டாக்சி பிடித்து வந்து காரை ஓட்டிக்கொண்டு போனான். சிவப்புக் காரில் வந்த இருவருக்கும் காயமில்லை. அவர்கள் வடக்கே போனார்கள். ஊருக்குத் திரும்பிய மாதமே சென்னியப்பன் லாரியை விற்றார். அதன்பின் எந்த வண்டியையும் அவர் ஓட்டவில்லை. கயிறு நைந்து அறுந்தபோது வேறு கட்டிக்கொள்ளவும் இல்லை. அவள் பேருந்தில் ஜன்னலோரம் உட்காருவதில்லை.

சொன்னாயா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.