காதோடு சொன்னது

சர்ச்சில் பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்து டீ வந்ததும் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் பிள்ளைகளின் பேச்சைக் கேட்காமல் யாருக்கும் டீ இறங்காது.

"பெரியவன் நேத்து என்ன ஜெபம் பண்ணான் தெரியுமா? 'ஏசப்பா, தங்கச்சிய நீங்களே திருப்பி எடுத்துக்குங்க, எனக்கு ஒரு சைக்கிள் குடுங்க'ன்னான்."

சிரித்ததில் போதகரின் மனைவிக்குப் புரையேறிவிட்டது. "சின்னவ?"

"போன வாரம் சொன்னேனே, படுக்கைய நனைக்காம பாத்துக்குங்க ஏசப்பான்னு அவ வேண்டிக்கிட்டத? அதுக்கப்புறம் வாயே திறக்கறதில்ல. கண்ண மூடி மனசுக்குள்ளயே ஜெபம். அவ்வளவு பக்தி."

மறுபடியும் சிரிப்பு. பக்கத்தில் பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்த சின்னவளை இழுத்து மடியில் உட்கார வைத்தாள்.

"ஏன் குட்டி இப்பல்லாம் சத்தமா ஜெபம் பண்றதில்ல? ஆன்ட்டிங்களுக்குச் சொல்லு."

குழந்தை எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தது. பிறகு அம்மாவின் காதில் வாயை வைத்தது.

"சத்தமா சொன்னா நீ இவங்ககிட்ட சொல்லிடுறம்மா. ஏசப்பா யார்கிட்டயும் சொல்றதில்ல."

"என்ன சொன்னா? சீக்கிரம் சொல்லுங்க." நாற்காலிகள் நெருங்கி வந்தன.

அவளுக்குக் காது மடல்வரை சுட்டது. மகளின் முகத்தைத் தன் தோளில் மறைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள். "டீ ஆறுது, குடிங்க."